அப்பாவுக்கு மயக்கம் தெளிய விடிந்துவிட்டது. யாரிடம், என்ன கேட்பது?

மோர்தானா | செவ்வாய், இரவு 11:20

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் குடியாத்தம். சிரசுத் திருவிழா முடிந்த மறுநாள் ராத்திரி அப்பாவுக்கு (54 வயது) வலது அடிவயிற்றில் தாங்க முடியாத வலி. எட்டு மணிக்கு நன்றாகச் சாப்பிட்டவர் பத்து மணிக்குச் சுருண்டு படுத்துவிட்டார். வேலூர் வரை போகத் தாங்காது என்று வழியில் இருந்த ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். பெயர் சொல்லப் போவதில்லை. குடல்வால், வெடிக்கிற நிலை, உடனே ஆபரேஷன் என்றார்கள். லேப்ராஸ்கோபி, முழு மயக்கம், ஒரு மணி நேர வேலை.

பன்னிரண்டே முக்கால், ஒரு மணி வாக்கில் சர்ஜன் வெளியே வந்து குடல்வாலை பாட்டிலில் காட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு அப்பா வரவில்லை. இரண்டு மணிக்குக் கேட்டால் "மயக்கம் தெளிய லேட்டாகுது, அவ்வளவுதான்". மூன்றுக்கும் அதே பதில். நான்கு மணிக்குக் கேட்க அம்மாவுக்குத் தைரியம் இல்லை. ஐந்தரைக்கு ஸ்ட்ரெச்சரில் வந்தார். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். சம்மரியில் "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

ஆனால் அப்பா சொல்வது வேறு. "எல்லாம் கேட்டுச்சுடா. கண்ணத் திறக்க முடியல, விரல அசைக்க முடியல. மூச்சுகூட நான் விடல, யாரோ எனக்குள்ள விட்டாங்க. யாரோ டீ சொன்னாங்க. மூணு டீ, ஒரு காபி, காபிக்குச் சர்க்கரை வேண்டாம்னாங்க." நர்ஸிடம் சொன்னதற்கு "மயக்க மருந்துல கனவு வரும் சார்" என்று சிரித்துவிட்டுப் போனாராம்.

மூன்று வாரம் ஆகிறது. அப்பா விளக்கை அணைத்தால் தூங்குவதில்லை. கடையில் கல்லாவில் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து தெருவுக்கு வந்து நிற்கிறார். மருந்து அளவு அதிகமாகிவிட்டதா? இதை எப்படிக் கேட்பது? இன்னொரு பயமும் இருக்கிறது: தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம். போன பிரசவம் சிசேரியன்.

பாலாத்து மணல் | செவ்வாய், இரவு 11:41

ஓவர் டோஸ்தான், இதில் என்ன சந்தேகம். காசு மட்டும் எண்ணி வாங்கத் தெரியும். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடியை உடைத்தால் எல்லா ஃபைலும் தானாக வெளியே வரும்.

காட்பாடி சந்திப்பு | புதன், காலை 6:55

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. ராத்திரி பதினொரு மணிக்கு வந்த கேஸை எடுத்து, வெடிக்க இருந்த குடல்வாலை எடுத்து, ஆளை நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மேலே ஒருவர் சொல்வது போலக் கண்ணாடியை உடைத்து உடைத்துத்தான் இன்றைக்குச் சின்ன ஊர் நர்சிங் ஹோம்களில் ராத்திரி கேஸ் என்றாலே "வேலூருக்குக் கொண்டுபோங்க" என்கிறார்கள். போகிற வழியில் உயிர் போனால் அதற்கு யார் பொறுப்பு? மயக்கம் நேரம் கழித்துத் தெளிந்தது. தெளிந்துவிட்டது அல்லவா?

கருப்புக் கோட்டு | புதன், காலை 9:10

சத்துவாச்சாரியில் தினமும் கோர்ட்டுக்குப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கண்ணாடி உடைக்கும் யோசனையை அப்படியே மறந்துவிடுங்கள். மருத்துவமனையைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள்.

போலீஸ் புகார் என்பதும் எல்லோரும் நினைப்பது போல எளிதில்லை. 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கு. மூச்சுத் திணறிய நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலி. அதற்கே டாக்டர்கள் மீது குற்ற வழக்கு நிற்காது, நஷ்டஈடு கேட்பது வேறு விஷயம் என்றது உச்ச நீதிமன்றம். கவனக்குறைவு மிக மோசமானதாக இருக்க வேண்டும், வேறொரு டாக்டரின் நடுநிலையான கருத்தும் வேண்டும் என்பது அங்கிருந்து வந்த விதி.

நுகர்வோர் வழி திறந்திருக்கிறது. காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை "சேவை" என்று 1995ல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டில் செய்திருந்தாலும், பணம் காப்பீட்டிலிருந்து போவதால் அதுவும் இதில் அடங்கும். கெடு இரண்டு வருடம். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

ஆனால் கையில் ஒரு தாளும் இல்லாமல் எதைப் போடுவது? டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்துக்கொண்டு வாதாட முடியாது. முதலில் ரெக்கார்டு.

பழைய ஓ.டி. சிஸ்டர் | புதன், பகல் 1:30

ஆற்காடு, வாலாஜா பக்கம் 31 வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள். வக்கீல் சார் "ரெக்கார்டு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டார். மொத்த ஃபைலையும் கேளுங்கள், ஆனால் அதில் ஒரு தாள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மயக்க டாக்டர் எழுதும் சார்ட். கட்டம் போட்ட தாள், பெரும்பாலும் ஒரே பக்கம். எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று மேலே இருக்கும். கீழே ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடித் துடிப்பு, பிரஷர், ஆக்சிஜன் அளவு புள்ளி வைத்திருப்பார்கள். தியேட்டர் கதவு மூடிய பிறகு உள்ளே நடந்ததைச் சொல்ல அந்த ஒரு தாள்தான் உண்டு. சர்ஜன் எழுதும் நோட்டில் மயக்கத்தைப் பற்றி ஒரு வரிக்கு மேல் இருக்காது.

இன்னொன்றும் சொல்கிறேன், யாரும் மனம் கோண வேண்டாம். புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில், ஒரே பேனாவில், ஒரு மணி நேரமும் பிரஷர் 120/80 என்று இருந்தால், அது கேஸ் முடிந்த பிறகு உட்கார்ந்து போட்ட கோலம். உயிருள்ள மனுஷனின் பிரஷர் அப்படி இருக்காது. எங்கள் காலத்தில் அப்படிக் கோலம் போட்டவர்களும் உண்டு, கேஸ் நடக்கும்போது தலையை நிமிர்த்தாமல் புள்ளி வைத்தவர்களும் உண்டு.

ஆம்பூர் தேவி | புதன், மாலை 4:05

நானும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு சிசேரியன், இரண்டுக்கும் முதுகில் ஊசி. அன்றிலிருந்து இடுப்பு வலி. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதையே சொல்கிறாள். இதற்கும் கேஸ் போடலாமா?

தூங்கவைப்பவன் | புதன், இரவு 10:15

மயக்கவியல் மருத்துவன். பெயரும் ஊரும் வேண்டாமே. ஒரே மாலையில் மூன்று ஊரில் மூன்று நர்சிங் ஹோமுக்கு வண்டி ஓட்டும் ஜாதி.

தேவி அக்காவுக்குச் சுருக்கமாக: ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள், உட்கார்ந்தால் மண்டை பிளக்கிற வலியும் படுத்தால் நிம்மதியும் என்றால் அது ஊசியால் வருவது. தண்டுவடத்து நீர் கசிவதால் வரும், மருத்துவம் உண்டு. வருடக்கணக்கான இடுப்பு வலிக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பிள்ளையைத் தூக்குவது, குனிந்து பால் கொடுப்பது, ஓய்வே இல்லாதது, இவற்றைப் பாருங்கள்.

மோர்தானா தம்பிக்கு. சார்ட்டைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா சொன்ன "மூச்சுகூட நான் விடல" என்ற வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. மயக்கம் அதிகமானவர் அப்படிச் சொல்ல மாட்டார், அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. இது நேர்மாறான சங்கதி. ஆள் விழித்திருக்கிறார், தசை மட்டும் செத்துக் கிடக்கிறது.

ஒரு கேள்வி. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் குடும்பம் ஆரிய வைசியரா? அப்பா அம்மா சொந்தத்தில் கல்யாணமா? தனிச் செய்தியில் சொன்னாலும் போதும்.

பாலாத்து மணல் | புதன், இரவு 10:22

பார்த்தீர்களா. டாக்டர் தப்புக்குக் காரணம் தேடச் சாதிக்குப் போய்விட்டார்கள்.

காட்பாடி சந்திப்பு | புதன், இரவு 10:30

நான் டாக்டர்கள் பக்கம் பேசுகிறவன்தான். ஆனாலும் இது என்ன கேள்வி டாக்டர்?

மோர்தானா | புதன், இரவு 11:48

மறைக்க ஒன்றும் இல்லை. ஆமாம், ஊரில் கோமுட்டிச் செட்டியார் என்பார்கள். வீட்டில் தெலுங்கு. அம்மா அப்பாவுக்கு மாமன் மகள். டாக்டர், ஏன் கேட்டீர்கள்?

தூங்கவைப்பவன் | வியாழன், காலை 5:50

கேட்க வேண்டிய நேரத்தில், அதாவது அன்றைக்கு ராத்திரி ஆபரேஷனுக்கு முன்னால், கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தென்னிந்தியாவில் பல மயக்க டாக்டர்கள் வழக்கமாகக் கேட்பதுதான்.

முழு மயக்கம் என்பது ஒரு மருந்து இல்லை. தூங்கவைக்க ஒன்று, வலிக்கு ஒன்று, தசையைத் தளர்த்த ஒன்று. சாப்பிட்ட வயிற்றோடு அவசரக் கேஸ் வந்தால் பெரிய ஆபத்து, வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போவது. (திட உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம் என்று நாங்கள் கத்துவது இதற்குத்தான். "ஒரு வாய் டீதானே" என்று ஒளித்துக் கொடுக்கும் பாட்டிகள் தயவுசெய்து கவனிக்கவும்.) அதனால் நொடியில் தசையைத் தளர்த்தி, மூச்சுக்குழாயில் டியூபைப் போட்டுவிட வேண்டும். அதற்குப் பழைய, மலிவான, நம்பகமான மருந்து ஸ்கோலின். ஐந்து பத்து நிமிடத்தில் அதன் வேலை முடிந்துவிடும். காரணம், ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுகிறது.

அந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யாதவர்கள் சிலர் உண்டு. உலகம் முழுக்க அபூர்வம். ஆரிய வைசியரிடம் மற்றவர்களைவிட அதிகம் என்பது மருத்துவ ஏடுகளில் பதிவான விஷயம். சொந்தத்துக்குள்ளேயே பல தலைமுறை மணம் முடித்தால் இப்படிப்பட்ட மரபணு ஒரே இடத்தில் தங்கும். உயர்வு தாழ்வு ஒன்றும் இதில் இல்லை. அவர்களுக்கு ஸ்கோலின் போட்டால் பத்து நிமிடம் பல மணி நேரமாகும். வென்டிலேட்டரில் வைத்து மூச்சுக் கொடுத்துக் காத்திருந்தால் தானாகத் தெளிந்துவிடுவார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகாது.

ஒரே ஒரு நிபந்தனை. அதுவரை அவரைத் தூங்கவைக்க வேண்டும். கை அசையவில்லை என்றால் மயக்கம் தெளியவில்லை என்று அர்த்தமில்லை. நரம்பில் சின்ன மின்துடிப்புக் கொடுத்துத் தசை எழுகிறதா என்று பார்க்கும் கருவி இருக்கிறது. அது இல்லாத தியேட்டர்தான் நம் பக்கம் அதிகம். அது இல்லாவிட்டாலும் நாடியும் பிரஷரும் எகிறுவது மானிட்டரில் தெரியும்.

இத்தனையும் ஊகம். அன்றைக்கு ஸ்கோலின் போட்டார்களா என்பதே எனக்குத் தெரியாது.

பழைய ஓ.டி. சிஸ்டர் | வியாழன், காலை 7:20

ஸ்கோலின் என்றதும் ஃபிரிட்ஜ் கதவுதான் ஞாபகம் வருகிறது. அதைக் குளிரில் வைக்க வேண்டும். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதே என்று புதுப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே இருப்பேன்.

உண்மையான மருந்துத் தப்பு எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதுகில் போடும் மருந்து ஆம்பியூலும் ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்சாமிக் ஆம்பியூலும் சில கம்பெனியில் அச்சு அசல் ஒரே மாதிரி. மாற்றி முதுகில் ஏற்றினால் வலிப்பு வந்து பாதிப் பேர் பிழைப்பதில்லை. 2022ல் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இரண்டும் ஒரே தட்டில் இருந்தன. உடைப்பதற்கு முன் பெயரை வாய்விட்டுப் படித்தேன். படிக்காமல் நீட்டியிருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து புத்திமதி சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். டாக்டர் "என்ன சிஸ்டர், பாடம் ஒப்பிக்கிறீங்களா" என்று கேலி செய்தார். செய்யட்டும்.

இழைக்காவலர் | வியாழன், காலை 9:00

இடுப்பு வலிக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். ஆஸ்பத்திரி, டாக்டர் பெயர்கள் எழுதிய இரண்டு பின்னூட்டங்கள் நீக்கப்பட்டன.

மோர்தானா | வெள்ளி, இரவு 9:35

இன்று போனேன். "சம்மரி கொடுத்தாச்சே, அதுக்கு மேல எதுவும் தர்ற வழக்கம் இல்ல" என்றார் ரிசப்ஷனில் இருந்தவர். மேனேஜர் "இன்சூரன்ஸுக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் மாறிவிட்டது.

கருப்புக் கோட்டு | வெள்ளி, இரவு 10:05

முகம் மாறட்டும். விதி மாறாது. 2002 மருத்துவ நெறி விதிமுறைகளின்படி உள்நோயாளி ரெக்கார்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காதது தனியே ஒரு நடத்தைக் குற்றம், சென்னையில் மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

அப்பா கையெழுத்தில் கடிதம் எழுதுங்கள். நீங்கள் எழுதினால் "நீங்கள் யார்" என்பார்கள். சேர்ந்த தேதி, உள்நோயாளி எண், "மயக்கவியல் பதிவுத் தாள் உட்பட முழுக் கோப்பின் நகல்", மேலே சொன்ன விதி, நகல் செலவைக் கட்டத் தயார் என்று ஒரு வரி. மிரட்டல், சாபம், "நீதி கிடைக்கும்வரை" எதுவும் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய் ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் போடுங்கள்.

மோர்தானா | புதன், இரவு 11:10

தாள் வந்துவிட்டது. சிஸ்டர் சொன்ன அதே கட்டம் போட்ட தாள். கோலம் இல்லை, புள்ளிகள் மேலும் கீழும் ஓடுகின்றன. எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

11:50 ஸ்கோலின் 75 மி.கி. ஆபரேஷன் முடிந்தது 12:50. மயக்க வாயு நிறுத்தியதும் 12:50. அதற்குக் கீழே "தன்மூச்சு இல்லை, வென்டிலேட்டர் தொடர்கிறது". 12:55க்கு நாடி 88. 1:15க்கு 128. 1:30க்கு 140, பிரஷர் 180/110. 1:40க்கு மிடசோலம் என்ற தூக்க மருந்து. 5:10க்கு டியூப் எடுத்தது.

தாளின் ஓரத்தில், வேறு எதற்கும் சம்பந்தமில்லாத மாதிரி, சின்ன எழுத்தில் அந்த நொதியின் பெயர். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குறி.

அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

தூங்கவைப்பவன் | வியாழன், காலை 5:40

படித்தேன். இரண்டு தடவை.

ஸ்கோலின் போட்டது தப்பில்லை. சாப்பிட்ட வயிறு, நானும் அதைத்தான் எடுத்திருப்பேன், அந்தக் கேள்வியைக் கேட்டுப் பதில் "ஆமாம்" என்று வந்தால் ஒழிய. நொதி இல்லாதது யார் தப்பும் இல்லை. நாலு மணி நேரத்துக்கும் மேலாக விடாமல் மூச்சுக் கொடுத்துக் காத்திருந்தது சரியான வைத்தியம். அவசரப்பட்டு டியூபை எடுத்திருந்தால் இன்றைக்கு அப்பா இல்லை.

12:50 முதல் 1:40 வரை தப்பு. வாயுவை நிறுத்திவிட்டு, தசை தளர்ந்த ஆளை ஐம்பது நிமிடம் விழித்திருக்க விட்டிருக்கிறார்கள். நாடி 128 என்று அந்த மயக்க டாக்டரின் கையே எழுதியிருக்கிறது. அப்பா கண்டது கனவு இல்லை.

பிரிட்டனில் இப்படி விழித்துக்கொண்டவர்களைப் பற்றிப் பெரிய ஆய்வு செய்து 2014ல் வெளியிட்டார்கள். தாங்களாகச் சொன்னவர்கள் 19,000 மயக்கத்துக்கு ஒருவர். முழு மயக்கத்தில் நடந்த சிசேரியனில் 670க்கு ஒருவர். பலரை மனதளவில் உலுக்கியது வலியைவிட அசைய முடியாமை. அப்பாவுக்கு மனநல மருத்துவரின் உதவி வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

தங்கை விஷயம் அவசரம். அந்த நொதிக்கான மரபணு தாயிடமிருந்து ஒரு பங்கு, தந்தையிடமிருந்து ஒரு பங்கு என்று வரும். அப்பாவுக்கு இரண்டு பங்கும் பழுது என்றால் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு பங்கு வந்தே தீரும். அம்மாவும் சொந்தம். அவரும் ஒரு பங்கைச் சுமந்தால் பிள்ளைகளில் யாருக்கும் இரண்டும் சேரலாம். பரிசோதனை ஒன்றும் அபூர்வம் இல்லை. பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களுக்கு எடுக்கிற, அந்த நொதியை அளக்கும் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனைதான். நம் மாவட்டத்தில் அந்தப் பரிசோதனைக்குப் பஞ்சமில்லை, துரதிர்ஷ்டவசமாக. கர்ப்பத்தில் அளவு கொஞ்சம் இறங்கும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டாம். சிசேரியன் பெரும்பாலும் முதுகு ஊசியில் நடக்கும், அங்கே ஸ்கோலினுக்கு வேலையில்லை. முழு மயக்கம் தேவைப்பட்டாலும் ரோகுரோனியம் என்று மாற்று இருக்கிறது. தெரிந்திருந்தால் ஒன்றுமே இல்லை. தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

காட்பாடி சந்திப்பு | வியாழன், காலை 8:15

முதல் நாள் நான் எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். "தெளிந்துவிட்டது அல்லவா" என்று கேட்டிருக்கக் கூடாது. ஆனால் சொல்லாதது கவனக்குறைவா, குற்றமா, பயமா? உண்மையைச் சொன்னால் கேஸ் போடுவார்கள் என்ற பயம் டாக்டர்களுக்கு இருக்கும்தானே?

கருப்புக் கோட்டு | வியாழன், காலை 9:30

இருக்கும். ஆனால் பாட்டிலில் குடல்வாலைக் காட்ட நேரம் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லவும் நேரம் இருந்திருக்கும். ஐம்பது நிமிடத்தைவிட அந்தக் கேள்விக்குறியை வைத்து நான் நன்றாக வாதாடுவேன். அடுத்த முறை இதே மருந்தை யாரோ போட்டிருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், குடும்பத்துக்குத் தெரியாது.

பழைய ஓ.டி. சிஸ்டர் | வியாழன், காலை 10:10

வக்கீல் சார், கேள்விக்குறி போட்டவர் நேர்மையானவர். போடாமலே விட்டிருக்கலாம். நாடி 140ஐ 90 என்று எழுதியிருக்கலாம். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அதையும் யோசியுங்கள்.

மோர்தானா | ஞாயிறு, இரவு 8:50

நேற்று அந்த மயக்க டாக்டரைப் பார்த்தோம். அப்பாவும் வந்தார், நான் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. சின்ன வயசுக்காரர்தான். அன்றைக்கு அது அவருக்கு மூன்றாவது ஊராம்.

தாளை மேஜை மேல் வைத்தேன். அவர் வாயைத் திறக்கும் முன்னால் அப்பா கேட்டார்: "மூணு டீ, ஒரு காபி. காபிக்குச் சர்க்கரை வேண்டாம். யாருக்குங்க அந்தக் காபி?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "எனக்குதாங்க" என்றார்.

அதன்பிறகு எல்லாம் சொன்னார். வாயுவை நிறுத்தியதும் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார் என்று நினைத்தாராம். நாடி ஏறியது வலியால் என்று நினைத்து வலி மருந்து சேர்த்தாராம். நொதி விஷயம் அப்புறம்தான் உறைத்ததாம். காலையில் சொல்லலாம் என்று இருந்தவரை அடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்களாம். நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டார். அப்பா தலையாட்டினார், அவ்வளவுதான். லெட்டர்ஹெட்டில் நடந்ததை எழுதிக் கேட்டோம். ஸ்கோலின் கூடவே கூடாது என்று எழுதி, "நோயாளி விழித்திருந்தார்" என்ற வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பா அந்த வரியை மட்டும் என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

ரத்தம் வேலூரில் கொடுத்தோம். அப்பாவுக்கு அளவு ஏறக்குறைய இல்லை. எனக்குக் கொஞ்சம் குறைவு. தங்கைக்கு மிகவும் குறைவு. அவள் பார்க்கும் டாக்டர் ஃபைலின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதிவிட்டார்.

பாலாத்து மணல் | ஞாயிறு, இரவு 9:02

கேஸ் போடுகிறீர்களா இல்லையா அண்ணா?

மோர்தானா | ஞாயிறு, இரவு 9:20

கெடு இரண்டு வருடம் என்று வக்கீல் சார் சொல்லியிருக்கிறார். அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அசைய முடியாமல் படுத்து எல்லாவற்றையும் காதால் கேட்டவர் அவர், அவர்தான் சொல்ல வேண்டும். சித்தப்பாக்கள் இரண்டு பேரையும் ஒரு அத்தையையும் ரத்தம் கொடுக்கக் கூட்டிப்போக வேண்டும். சித்தப்பா ஒருவர் ஊசி என்றால் ஓடுகிறவர்.

ஆம்பூர் தேவி | ஞாயிறு, இரவு 9:41

தம்பி, எங்கள் பக்கத்து வீட்டிலும் உங்கள் ஆட்கள்தான். அவர்கள் மருமகளுக்கு அடுத்த மாதம் தேதி. இந்த இழையை அவர்களுக்கு அனுப்பலாமா?

மோர்தானா | ஞாயிறு, இரவு 9:44

இப்போதே அனுப்புங்கள் அக்கா.